வெஸ்ட் எண்ட் ஓட்டலின் குசினி

நாம் வாழும் நகரம்

சென்ற இதழில் அல்சூர் ஏரியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பெரியவர் ஒருவர் சங்கத்து வாசகசாலையில் என்னைத் தேடி வந்தார். வயது எண்பதை நெருங்குபவர். “ஏரியும் கோயிலும் இருக்கட்டும் தம்பி. ரேஸ் கோர்ஸுக்கு எதிரே மரங்களுக்குள் ஒரு ஓட்டல் இருக்கிறதே, அதைப் பற்றி எழுதக் கூடாதா? எங்கள் தாத்தா அந்தக் காலத்து வெள்ளைக்கார ஓட்டல் குசினியில் வேலை பார்த்தவர்” என்றார். அவர் தாத்தா வேலை பார்த்தது எந்த ஓட்டலில் என்பதை இங்கே எழுதவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். அவர் கையில் கொண்டுவந்திருந்த காகிதத்தைப் பற்றி மட்டும் பின்னால் சொல்லுகிறேன்.

மெஜஸ்டிக்கிலிருந்து ஆனந்தராவ் சர்க்கிள் வழியாகப் பஸ்ஸில் செல்லும் அன்பர்கள் யாவரும் அந்த மதிற்சுவரைக் கண்டிருப்பார்கள். சுவருக்கு மேலே தெரிவன தூங்குமூஞ்சி மரங்களின் தலைகளே அன்றிக் கட்டடம் அல்ல. நகரத்தின் நடுவில், ஓர் அடி நிலம் என்ன விலை என்று கேட்கவே அஞ்சவேண்டிய இடத்தில், ஏறக்குறைய 20 ஏக்கர் பரப்பில் அமைந்திருக்கிறது வெஸ்ட் எண்ட் ஓட்டல். இன்று அதற்குத் தாஜ் வெஸ்ட் எண்ட் என்று பெயர். நம் வீடுகளில் “ஓட்டலுக்குப் போகிறேன்” என்றால் தோசை தின்னப் போவதாகவே பொருள். ஆங்கிலேயனுடைய ஓட்டலோ முதலில் படுக்கும் இடம், பிறகே உண்ணும் இடம். இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டால் இதன் கதை எளிதில் விளங்கும்.

கதை தொடங்குவது 1887ஆம் ஆண்டில். பிரான்சன் என்ற ஆங்கிலேய அம்மையார் பத்து அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதியை இங்கே ஆரம்பித்தார். வெள்ளைக்காரப் பிரயாணிகள் நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ தங்கி, வீட்டுச் சாப்பாடு போலச் சாப்பிட்டுச் செல்லும் விடுதி அது. வெஸ்ட் எண்ட் என்னும் பெயர் இலண்டன் மாநகரின் செல்வர் வாழும் பகுதியை நினைவூட்டுவது. ஊரை விட்டு ஆறாயிரம் மைலுக்கு அப்பால் வந்தவர்களுக்கு ஊர்ப் பெயரைக் காட்டினால் மனம் குளிராதா? நம்மவரும் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் கடைகளுக்கு ஆம்பூர், வேலூர், ஆரணி என்று பெயர் வைத்திருப்பதைக் கண்டால், அந்த அம்மையாரைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

அந்த ஆண்டுகளில் அப்படி ஒரு விடுதிக்குத் தேவை எழுந்ததற்குக் காரணங்கள் இருந்தன. ஆங்கிலேயர் படை சீரங்கப்பட்டணத்துக் காய்ச்சலுக்கு அஞ்சி 1809இல் பெங்களூரில் கண்டோன்மெண்ட்டை அமைத்தது. கடல் மட்டத்திற்கு மேல் 3,000 அடி உயரமுள்ள ஊர் ஆதலால் வெயிலின் கொடுமை குறைவு. 1864 ஆகஸ்டு முதல் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்ட் வரையில் ரயில் ஓடத் தொடங்கியது. மைசூருக்கு இருப்புப்பாதை 1880களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. 1881இல் மைசூர் இராஜ்யத்தை ஆங்கிலேயர் உடையார் அரச குடும்பத்திடம் திருப்பித் தந்தனர். ஆனால் கண்டோன்மெண்ட்டை மட்டும் தங்கள் கையிலேயே 1947 வரை வைத்துக்கொண்டனர். ஆக ஒரே ஊரில் இரண்டு ஆட்சி. வருவோர் போவோர் தொகையும் இரட்டிப்பு. உத்தியோகஸ்தர், காப்பித் தோட்டத் துரைமார், படை அதிகாரிகளின் மனைவிமார், கோடையில் சென்னை வெயிலைத் தாங்க மாட்டாதவர் எனப் பலரும் ரயிலிலிருந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் பங்களா கிடைக்குமா?

அதே ஜோலார்பேட்டை ரயிலில்தான், வேறு வண்டிப் பெட்டியில், நம் முன்னோரும் வந்து இறங்கினார்கள். அதற்கு முன்பே படையோடு நடந்து வந்தவர்களும் உண்டு. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்களே கண்டோன்மெண்ட்டில் கொத்தராகவும், குதிரைக்காரராகவும், துணி வெளுப்பவராகவும், பட்லராகவும், ஆயாவாகவும் உழைத்தார்கள். அந்தப் பகுதியில் இன்றும் தமிழ் ஒலிப்பதற்குக் காரணம் அதுவே.

பத்து அறைகள்தாமே என்று இலேசாக எண்ணிவிடக் கூடாது. 1887இல் பெங்களூரில் மின்சார விளக்கு இல்லை. சிவசமுத்திரத்து மின்சாரம் இந்நகரத் தெருக்களுக்கு வந்தது 1905 ஆகஸ்டில். குழாய்த் தண்ணீரும் இல்லை. ஹெசரகட்டா ஏரியின் நீரைக் குழாய் வழியே கொண்டுவந்தது 1890களின் நடுவில்தான். ஆகவே ஒரு துரை காலையில் வெந்நீரில் குளிக்கவேண்டுமானால் ஒருவர் கிணற்றில் நீர் இறைக்கவேண்டும், ஒருவர் தோற்பையில் சுமக்கவேண்டும், ஒருவர் விறகு பிளந்து அடுப்பெரிக்கவேண்டும், ஒருவர் தொட்டியில் கொண்டுபோய் ஊற்றவேண்டும். குளித்த நீரையும் கொட்ட ஒருவர் வேண்டும். மாலையில் ஒவ்வொரு விளக்கின் கண்ணாடியையும் துடைத்து, திரியைக் கத்தரித்து, எண்ணெய் ஊற்றி ஏற்றவேண்டும். விளக்கையும் பாத்திரத்தையும் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மசால்ஜி என்று பெயர். நம் சிறுவர்கள் பலர் அந்தப் படியில் தொடங்கிக் குசினி வரையில் ஏறினார்கள்.

குசினி என்பது வீட்டோடு சேர்ந்த அடுக்களை அன்று. புகையும் நெருப்பும் அறைகளை அண்டாதபடி சற்றுத் தள்ளிக் கட்டிய தனிக் கட்டடம். அங்கிருந்து பதார்த்தங்களை மூடியிட்டுச் சுமந்து முற்றத்தைக் கடந்து சாப்பாட்டு அறைக்குக் கொண்டுவரவேண்டும். மழைக்காலத்தில் சூப்பு ஆறாமல் மேசைக்கு வந்து சேர்ந்ததென்றால், அந்தப் பெருமை சமையற்காரரை மட்டும் சேராது. ஓடி வந்த காலையும் சேரும்.

அந்தச் சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலேயன் விருந்தில் உணவுக்கு முன் சூப்பு குடிப்பான். நம் சமையற்காரரிடம் சூப்பு கேட்டபோது அவர் தமக்குத் தெரிந்த மிளகுத் தண்ணீரையே கூட்டிக் குறைத்துச் செய்து வைத்தார். அவனோ அதில் கறியும் பருப்பும் கலக்கச் சொல்லி, மல்லிகாட்டானி என்று பெயரிட்டு, கப்பலேற்றித் தன் நாட்டுக்கும் கொண்டுபோய்விட்டான். இன்றும் உலகத்துப் பெரிய ஓட்டல்களின் உணவுப் பட்டியலில் அந்தச் சொல்லைக் காணலாம். செய்தவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவருடைய சொல் மட்டும் இருக்கிறது. சுருட்டு என்னும் நம் சொல்லும் இவ்வாறே செரூட் ஆகி அவர்கள் அகராதியில் புகுந்தது. சுருட்டைச் சொன்னால் அடுத்துச் சொல்லவேண்டியது ஸ்பென்சர் கம்பெனியை.

சார்லஸ் டுராண்ட், ஜான் வில்லியம் ஸ்பென்சர் என்ற இருவர் 1863இல் சென்னை மௌண்ட் ரோட்டில் தொடங்கிய கடை அது. பிறகு யூஜின் ஓக்‌ஷாட் என்பவர் கையில் அது பெருவணிகமாக வளர்ந்தது. திண்டுக்கல்லில் அவர்களுக்குச் சுருட்டுத் தொழிற்சாலை இருந்தது. சென்னையில் கன்னிமாரா ஓட்டலை 1891இல் வாங்கினார்கள். அந்தக் கன்னிமாராவின் பூர்வ கதை நமக்குச் சுவையானது. 1854இல் இம்பீரியல் ஓட்டல் என்ற பெயரில் அதை நிறுவியவர் திருவல்லிக்கேணி இரத்தினவேலு முதலியார். பின்பு அதைக் குத்தகைக்கு எடுத்து ஆல்பனி என்று நடத்தியவர்கள் குமரகுரு முதலியார், சொக்கலிங்க முதலியார் என்னும் சகோதரர்கள். வெள்ளைக்காரர் தங்கிய ஓட்டல்களில் முதலாளியாகவும் தமிழர் இருந்திருக்கிறார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். முதலாளி ஆனதால் பெயர் தங்கியது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஸ்பென்சர் கம்பெனியார் 1912இல் பெங்களூர் வெஸ்ட் எண்டை வாங்கினார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் அம்மையாரின் விடுதியாக இருந்தது அன்றுமுதல் பெரிய கம்பெனியின் ஓட்டல் ஆயிற்று. பெங்களூர், சென்னை, உதகை, கொச்சி ஆகிய நான்கு ஊர்களிலும் அவர்களுடைய ஓட்டல்கள் பிற்காலத்தில் விளங்கின. நான் ரயில்வே குமாஸ்தா ஆதலால் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. தென்னாட்டு ரயில் நிலையங்கள் பலவற்றில் சிற்றுண்டி அறைகளை நடத்தியவர்களும் இந்த ஸ்பென்சர் கம்பெனியாரே. வெள்ளை மேசைத் துணி விரித்த அந்த அறைகளில் நின்ற தலைப்பாகைப் பட்லர்களை நினைவில் வைத்திருந்த ஓய்வுபெற்ற ஊழியர்களிடம் நான் கதை கேட்டிருக்கிறேன். 1950களின் நடுவில், அப்போது ரயில்வே துணை அமைச்சராக இருந்த ஓ. வி. அளகேசன் அவர்கள் தலைமையிலான குழு ரயில்வே உணவு ஏற்பாடுகளை ஆராய்ந்தது. அதை ஒட்டி ரயில்வே இலாகாவே நேரில் உணவளிக்கும் வேலையில் இறங்கிற்று. கடையும், ஓட்டலும், நிலையத்துச் சிற்றுண்டி அறையும் ஒரே கம்பெனியின் கீழ் இருந்த காலத்தில், காட்பாடியில் தட்டுக் கழுவிய பையன் நாளடைவில் பெங்களூர்க் குசினியில் கரண்டி பிடித்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

ஓட்டல் மேசைக்கு வந்த காய்கறியின் கதையும் நம்மவரைத் தொடாமல் இல்லை. லால்பாக் தோட்டம் ஐதர் அலி 1760இல் தொடங்கியது. அங்கே தலைமுறை தலைமுறையாக மண்ணைக் கொத்தியவர்களில் திகளர் சமூகத்தார் முக்கியமானவர்கள். இவர்கள் தமிழ் நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கரகத் திருவிழாவை இன்றும் நடத்துகிறவர்கள். 1874 முதல் 1908 வரையில் லால்பாக்கின் தலைவராக இருந்த ஜான் காமரூன் என்ற ஆங்கிலேயர் பிறநாட்டுக் காய்கள் பலவற்றை இங்கே பயிராக்கினார். அவற்றுள் ஒன்று சௌ சௌ. கன்னடத்தார் அதைச் சீமைக் கத்தரிக்காய் என்ற பொருளில் சீமெ பதனெகாயி என்றார்கள். தமிழ் நாட்டிலோ அதே காய் பெங்களூர்க் கத்தரிக்காய் ஆகிவிட்டது. நாம் ஊருக்குப் போனால் “பெங்களூர்க்காரர்” என்று அழைக்கப்படுவதும், இங்கே “தமிழ்க்காரர்” என்று அழைக்கப்படுவதும் இந்தக் காயின் கதைதான். சமைத்தால் இரண்டு ஊரிலும் ஒரே சுவை.

அந்த நாளைய வெள்ளைக்கார வாழ்க்கைக்கு எத்தனை கைகள் தேவைப்பட்டன என்பதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமராக வந்த வின்ஸ்டன் சர்ச்சில், 1896இல் தம் குதிரைப்படையோடு இருபத்தொரு வயது வாலிபராகப் பெங்களூர் வந்தார். மூன்று அதிகாரிகள் சேர்ந்து ஒரு பங்களாவில் குடியிருந்தார்கள். தம் தாயாருக்கு எழுதிய கடிதத்தில் அவர் அந்த வீட்டுப் பணியாட்களைக் கணக்கெழுதியிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பட்லர், உடை மாற்றிவிடும் பையன், குதிரைக்காரர். இவர்கள் போக மூவருக்கும் பொதுவாகத் தோட்டக்காரர் இருவர், தண்ணீர் சுமப்பவர் மூவர், துணி வெளுப்பவர் நால்வர், காவற்காரர் ஒருவர். மூன்று வாலிபர் உண்டு உடுத்து உறங்குவதற்கே இத்தனை பேர் என்றால், பத்து அறை விடுதிக்கு எத்தனை பேர் என்று அன்பர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

சர்ச்சிலைப் பற்றிப் பெங்களூரில் எல்லாரும் சொல்லும் கதை, அவர் கிளப்பில் பதின்மூன்று ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனது. 1899ஆம் ஆண்டுக் கிளப்பின் நடவடிக்கைப் புத்தகத்தில் அந்தப் பாக்கி அவர் பெயரோடு பதிவாகி இருக்கிறது. பெங்களூர் கிளப்பில் அதைப் பெருமையாகப் பாதுகாக்கிறார்கள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் பாக்கி வைத்தவரின் பெயர் நூற்றிருபத்தைந்து ஆண்டுகளாகக் கண்ணாடிக்குள் இருக்கிறது. அவருக்குத் தண்ணீர் சுமந்த மூவரும் எண்ணிக்கையாக மட்டுமே அவருடைய கடிதத்தில் இருக்கிறார்கள். வெஸ்ட் எண்டின் வரலாறும் இப்படியே. தொடங்கிய அம்மையாரின் பெயர் இருக்கிறது. வாங்கிய கம்பெனியின் பெயர் இருக்கிறது. வந்து தங்கிய பெரியோர்களின் பெயர்கள் இருக்கின்றன.

ஸ்பென்சர் காலம் எழுபத்திரண்டு ஆண்டுகள் நீடித்தது. இரண்டு உலக யுத்தங்களும், நாட்டின் சுதந்திரமும், 1956இல் மொழிவாரி மாகாணம் அமைந்து பெங்களூர் பெரிய தலைநகரம் ஆனதும் அதற்குள் அடங்கும். அதே 1956இல் சற்றுத் தொலைவில் விதான சௌதம் எழுந்தது. துரைமார் போய் மந்திரிமாரும் ஆலை முதலாளிகளும் வந்தார்கள். 1984இல் தாஜ் நிறுவனத்தார் வெஸ்ட் எண்டின் நிர்வாகத்தை ஏற்றார்கள். அவர்களுடைய பம்பாய்த் தாஜ் 1903இல் திறக்கப்பட்டது. நம் ஊர் ஓட்டல் அதற்குப் பதினாறு ஆண்டு மூத்தது. அறைகள் நூற்றுக்கு மேலாகிவிட்டன. ஆனால் கட்டடத்தை வானளாவ உயர்த்தி மரங்களை வெட்டாமல் விட்டது நல்ல காரியம். இந்நகரில் ஒவ்வொரு பழைய பங்களாவும் இடிந்து அடுக்கு மாடியாக மாறியதைப் பார்த்தவர்களுக்கே அதன் அருமை தெரியும்.

இனி அந்தப் பெரியவர் கொண்டுவந்த காகிதத்திற்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் வேலையை விட்டு நீங்கும்போது துரையோ துரைசானியோ ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அடுத்த இடத்தில் வேலை கேட்கப் போனால் அதைத்தான் காட்டவேண்டும். அவற்றை எண்ணெய்த் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். பெரும்பாலோர் தம் கையிலிருந்த சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தாமே படிக்க இயலாதவர்கள். நல்லதென்று நம்பி நீட்டிய சீட்டில் “இவனை நம்பாதே” என்று எழுதியிருந்த கதைகளும் உண்டு.

பெரியவருடைய தாத்தாவிடம் பதினைந்து இருபது சீட்டுகள் இருந்தனவாம். பத்து ஆண்டுகளுக்கு முன் வீடு மாறியபோது பிள்ளைகள் பழங்குப்பை என்று பெட்டியோடு எடைக்குப் போட்டுவிட்டார்கள். சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த ஒன்று மட்டும் தப்பியது. மடிப்புகளில் கிழிந்து நான்கு துண்டாகும் நிலையில் இருந்தது. 1926ஆம் ஆண்டுத் தேதி. அவர் படித்துச் சொல்லச் சொன்னார். வேலையில் சுத்தம், குடிப்பழக்கம் இல்லை, சூப்பும் மீனும் நன்றாகச் செய்வான், தன் விருப்பத்தின் பேரில் விலகுகிறான் என்று நான்கு வரி. சூப்பு என்ற இடத்தில் பெரியவர் சிரித்தார். “ரசம் வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது தம்பி. பாட்டியே ஒப்புக்கொள்வாள்” என்றார். பிறகு, “பெயர் என்ன போட்டிருக்கிறது?” என்று கேட்டார்.

ராமசாமி என்று இருந்தது. படித்தேன்.

“அவர் பெயர் ராமசாமி இல்லையே” என்றார்.

தென்னாட்டுப் பணியாளர் எவரையும் ராமசாமி என்றே அழைப்பது வெள்ளைக்காரரிடம் இருந்த வழக்கம். அதை நான் படித்திருந்தேன். ஆனால் படித்ததை அவரிடம் எடுத்துச் சொல்ல நாக்கு வரவில்லை. அவரே சற்று நேரம் கழித்து, “அவனுக்குக் கூப்பிட வாயில் நுழையாத பெயராக இருந்திருக்கும்” என்று சொல்லிக்கொண்டார். கோபமாகச் சொல்லவில்லை. காகிதத்தை என் பக்கம் திருப்பி, பின்புறத்தில் தாத்தாவின் உண்மைப் பெயரையும், தகப்பனார் பெயரையும், குடியாத்தத்துக்குப் பக்கத்திலுள்ள கிராமத்தின் பெயரையும் தமிழில் எழுதச் சொன்னார். மை ஊறிவிடும் என்று பென்சிலால் எழுதினேன். இரண்டு முறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, செய்தித்தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்பர்களே, இத்தகைய சீட்டுகள் நம் வீடுகளில் இன்னும் சில இருக்கக்கூடும். ஓட்டல், பங்களா, கிளப், படை, ரயில்வே எதுவாயினும் சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசகசாலைக்குக் கொண்டுவந்தால், கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு மூலத்தை அப்போதே திருப்பித் தந்துவிடுவோம். படிக்கத் தெரியாத ஆங்கிலமாயின் படித்துச் சொல்ல நானும் இன்னும் இரு அன்பர்களும் இருப்போம். கூடவே வீட்டில் மூத்தவர் ஒருவரையும் அழைத்து வாருங்கள். சீட்டில் உள்ள பெயர் சரிதானா என்று அவரைத்தான் கேட்கவேண்டும்.

அடுத்த இதழில் கண்டோன்மெண்ட் ரயில் நிலையத்தைப் பற்றி எழுத உத்தேசம்.